ஆட்கொணர்வு மனு போட்டவர்கள்: ஆள் திரும்பாத வழக்குகளில் என்ன மிஞ்சியது?

3 ஜூன் 2025, காலை. கேள்வி

மனித உரிமைக்காக நின்றவர்கள் என்று வரலாற்றில் பட்டியல் போடும்போது ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு மனு, அதாவது காவலில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போட்ட அப்பாக்களையும் மனைவிமாரையும் வக்கீல்களையும் சிலர் சேர்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. போலீஸோ ராணுவமோ தூக்கிப்போன ஆள் ஒருத்தராவது இந்த மனுவால் திரும்பியிருக்கிறாரா? நெருக்கடி நிலையில் உச்ச நீதிமன்றமே கதவைச் சாத்திவிட்டது. மொத்தத்தில் வெறும் காகிதம். இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு

திரும்பியிருக்கிறார்கள். பழைய வழக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஜேம்ஸ் சோமர்செட், 1769-இல் அமெரிக்கக் குடியேற்றத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமை. 1771 அக்டோபரில் எஜமானிடமிருந்து தப்பினார். நவம்பர் 26-ஆம் தேதி பிடித்து, தேம்ஸ் நதியில் நின்ற ‘ஆன் அண்ட் மேரி’ என்ற கப்பலில் விலங்கோடு அடைத்தார்கள். ஜமைக்காவில் விற்றுவிட ஏற்பாடு. அவருடைய ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோராக நின்ற மூன்று பேர் உடனே நீதிமன்றத்துக்குப் போய்ச் சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். சில நாளிலேயே நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு ரிட் (ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்ற ஆணை) பிறப்பித்தார். டிசம்பர் 9-இல் கேப்டன் ஜான் நோல்ஸ் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1772 ஜூன் 22-இல் சோமர்செட் விடுதலை.

பின்னணியில் வாதங்களுக்கு அடித்தளம் போட்டவர் கிரான்வில் ஷார்ப். அவர் வக்கீல் இல்லை, ராணுவத் தளவாட அலுவலகத்தில் குமாஸ்தா. ஜோனதன் ஸ்ட்ராங் என்ற அடிமைச் சிறுவன் அடிபட்டுக் கிடந்ததை 1765-இல் பார்த்ததிலிருந்து சட்டப் புத்தகங்களைத் தானே உட்கார்ந்து படித்தவர். ஆனால் அந்த ரிட் கிடைக்கக் காரணம் அந்த மூன்று பேர்தான். எந்தக் கப்பல், யார் கேப்டன், எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் கப்பல் கிளம்புவதற்கு முன்பே சொன்னார்கள். இரண்டு வாரம் தாமதித்திருந்தால் ஆள் நடுக்கடலில் இருந்திருப்பார்.

4 ஜூன்

இனி ஆள் திரும்பாத வழக்கு. உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதில்தான் இருக்கிறது.

பி. ராஜன், கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர். 1976 மார்ச் 1, விடிகாலையில் சாத்தமங்கலம் கல்லூரி வளாகத்தில் வைத்துப் போலீஸ் பிடித்துப்போனது. இரண்டு நாள் முன்பு காயண்ண போலீஸ் நிலையத்தை நக்சல்கள் தாக்கியிருந்தார்கள், அதற்கான வேட்டை. கக்கயத்தில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். பிடிபட்டவர்களைப் பெஞ்சில் படுக்கவைத்துக் கட்டி, தொடை மேல் கனத்த உலக்கையை வைத்து அழுத்தி உருட்டுவார்கள். ‘உருட்டல்’ என்றே அதற்குப் பெயர்.

அப்பா டி.வி. ஈச்சர வாரியர், ஹிந்திப் பேராசிரியர். ஓராண்டு காலம் அமைச்சர்கள், எம்.பி.க்கள், குடியரசுத் தலைவர், பிரதமர் என்று மனு எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருந்தார். 1977 மார்ச் 21-இல் நெருக்கடி நிலை விலகியது. மார்ச் 25-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்பஸ். அதே நாள்தான், ராஜன் பிடிபட்டபோது உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

அரசுத் தரப்பு பதில் மனுவில் ராஜனைக் காவலில் எடுக்கவே இல்லை என்று பிரமாணம் செய்தது. வழக்கு திரும்பிய இடம் அதுதான். நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் வி. காலிதும் பதில் மனுவை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடவில்லை. சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கல்லூரி முதல்வர், கல்லூரியைச் சேர்ந்தவர்கள், கக்கயம் முகாமில் உடன் அடைபட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஏப்ரல் 13-இல் தீர்ப்பு: ராஜன் போலீஸ் காவலில் இருந்தார், கொண்டுவந்து நிறுத்துங்கள். நிறுத்த ஆள் இல்லை. ஏப்ரல் 25-இல் கருணாகரன் பதவி விலகினார்.

மனு போட்டு முழுதாக மூன்று வாரம் ஆவதற்குள் தீர்ப்பு. ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. வாரியர் 2006-இல் காலமானார். ஆனால் ‘அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவே இல்லை’ என்று ஒரு அரசு சத்தியம் செய்து சொன்ன பொய் உடைந்தது. காகிதம்தான் உடைத்தது.

4 ஜூன், சற்று கழித்து

“ஒரு வருஷம் ஏன் காத்திருந்தார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன அந்தச் சாத்தின கதவுதான் காரணம். 1976 ஏப்ரல் 28, ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. காவலில் உள்ளவர்கள் மனு போடலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் கவிழ்த்தது. ஏ.என். ரே, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஒருபக்கம். எச்.ஆர். கன்னா தனியாக.

கன்னாவுக்கு விலை என்ன என்பதும் தெரிந்ததே. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரான பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். அவர் தனியாக எழுதிய தீர்ப்பு வீண்போகவில்லை. 1978-இன் 44-ஆவது திருத்தத்தால், நெருக்கடி நிலை அறிவித்தாலும் அரசியலமைப்பின் 20, 21-ஆம் பிரிவுகளை (தண்டனை விஷயத்தில் பாதுகாப்பு; உயிர், சுதந்திரம்) முடக்க முடியாது என்றானது. 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஜபல்பூர் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அந்த அமர்வில் பழைய சந்திரசூடின் மகனும் இருந்தார்.

6 ஜூன்

“பொய் உடைந்தது சரி, குடும்பத்துக்கு என்ன கிடைத்தது?”

ஆரம்பத்தில் ஒன்றும் கிடையாது. ஆளை விடுவிக்கலாம், அவ்வளவுதான். நஷ்டஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்பதே பழைய வழக்கம். அதை மாற்றியவை மூன்று வழக்குகள். மூன்றையும் கொண்டுவந்தவர்கள் சாதாரண ஜனங்கள் அல்லது அவர்களுக்காகப் போனவர்கள்.

ருதுல் ஷா வழக்கு, பீகார். 1968 ஜூனில் விடுதலையான மனிதரை 1982 அக்டோபர் வரை முசாபர்பூர் சிறையிலேயே வைத்திருந்தார்கள். ஹேபியஸ் கார்பஸ் விசாரணைக்கு வருவதற்குள் வெளியே விட்டுவிட்டு, ஆள்தான் வந்துவிட்டாரே என்றார்கள். உச்ச நீதிமன்றம் 1983-இல் வழக்கை மூடாமல் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொகை அற்பம். ஆனால் ரிட் வழக்கிலேயே பணம் கொடுக்கச் சொல்லலாம் என்ற வாசல் திறந்தது.

செபாஸ்டியன் ஹோங்ரே வழக்கு, மணிப்பூர். 1982 மார்ச்சில் ஹுயினிங் கிராமத்தின் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரையும் தேவாலய உதவிப் போதகர் ஒருவரையும் ராணுவம் பூங்ரே முகாமுக்குக் கொண்டுபோனது. திரும்பவில்லை. டெல்லியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் மனு போட்டார். விட்டுவிட்டோம் என்றது ராணுவத் தரப்பு. நீதிமன்றம் நம்பவில்லை, ஆளை நிறுத்தச் சொன்னது, நிறுத்த முடியவில்லை. 1984-இல் இரண்டு மனைவியருக்கும் தலா 1 லட்சம்.

நிலபதி பெஹெரா வழக்கு, ஒடிசா. 22 வயது மகனை 1987 டிசம்பர் 1-இல் போலீஸ் கூட்டிப்போனது; மறுநாள் ரயில் பாதையில் பிணம். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, விடிகாலை 3 மணிக்கு ஓடி, ரயிலில் அடிபட்டான் என்பது போலீஸ் கதை. அம்மா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்; அதையே மனுவாக எடுத்தார்கள். மருத்துவச் சாட்சியம் லத்தி அடிக்குத்தான் பொருந்தியது. 1993-இல் 1.5 லட்சம். அரசுக்கு இறையாண்மை விலக்கு (அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்ற சலுகை) உண்டு என்ற வாதம் அடிப்படை உரிமை மீறலில் செல்லாது என்று தெளிவாக எழுதியது அந்தத் தீர்ப்பு.

6 ஜூன், இரவு

சேர்க்க விட்டது: கடிதத்தை மனுவாக எடுக்கும் பழக்கத்துக்கு முன்னோடி சுனில் பத்ரா. திகாரில் மரண தண்டனைக் கைதி. பக்கத்தில் இன்னொரு கைதியை வார்டன் சித்ரவதை செய்ததைப் பற்றி நீதிபதி கிருஷ்ணய்யருக்கு எழுதினார். தன் வழக்கைப் பற்றி எழுதவில்லை. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தவர் அவர்தான். 1979-இல் ஹுசைனாரா காதூன் வழக்கைப் போட்ட வக்கீல் கபிலா ஹிங்கோரானியும் இதே வரிசை. பத்திரிகையில் வந்த கட்டுரைகளை ஆதாரமாக வைத்து, முன்பின் தெரியாத பீகார் விசாரணைக் கைதிகளுக்காகப் போட்ட ஹேபியஸ் கார்பஸ் அது. சுமார் 40,000 பேர் வெளியே வந்தார்கள். “ஒருத்தராவது” என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

9 ஜூன்

ஜஸ்வந்த் சிங் கால்ராவைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார் ஒருவர். கட்டாயம் எழுத வேண்டியதுதான்.

பஞ்சாபில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துப்போகும்; கேட்டால் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்பார்கள். கால்ரா அமிர்தசரஸில் கூட்டுறவு வங்கி ஒன்றோடு தொடர்புள்ளவர், அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவுச் செயலர். காணாமல் போன நண்பர்களைத் தேடிப் போனவர் சுடுகாட்டில் போய் நின்றார். போலீஸ் கொண்டுவரும் ‘உரிமை கோரப்படாத’ பிணங்களுக்கு விறகு வாங்க வேண்டும். விறகு கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை பிணம், கொண்டுவந்த அதிகாரி யார், சில இடங்களில் பிணத்தின் பெயரும் ஊரும்கூட. கொன்றதை மறைத்தவர்கள் விறகுக் கணக்கை மறைக்க நினைக்கவில்லை. கால்ரா அதை நகராட்சிப் பதிவுகளோடும் குடும்பங்கள் சொன்ன தேதிகளோடும் ஒப்பிட்டார். அமிர்தசரஸ், தரன் தாரன், பட்டி என்று மூன்று சுடுகாடுகள்.

இதைக் கொண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வரட்டும், உங்களுக்கு என்ன உரிமை என்று மனு தள்ளுபடி. 1995 செப்டம்பர் 6-இல் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த கால்ராவையே தூக்கினார்கள். மனைவி பரம்ஜித் கௌர் வழக்கு தொடர்ந்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போன தந்தி ஒன்றும் ஹேபியஸ் கார்பஸாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கால்ரா திரும்பவில்லை. ஆனால் அவர் எடுத்துவைத்த கணக்கையும் சேர்த்து விசாரிக்க சி.பி.ஐ.-க்கு உத்தரவு வந்தது.

சி.பி.ஐ. சொன்ன எண்ணிக்கை 2,097 எரிப்புகள். முழுதாக அடையாளம் தெரிந்தது 585, அரைகுறையாக 274, தெரியாதது 1,238. அந்த ஒரு மாவட்டத்தின் மூன்று இடங்களுக்கு மட்டும் இது. கால்ராவைக் கொன்றதற்காக 2005-இல் போலீஸார் தண்டிக்கப்பட்டார்கள். 2007-இல் உயர் நீதிமன்றம் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பரம்ஜித் கௌர் கோர்ட் படி ஏறியது 16 வருஷம்.

10 ஜூன்

சிலியையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு சாண்டியாகோ மறைமாவட்டத்தின் கீழ், கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கஸ் 1976-இல் தொடங்கிய விக்காரியா என்ற மனித உரிமை அமைப்பின் வக்கீல்கள் ஆயிரக்கணக்கில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஏறக்குறைய எல்லாமே தள்ளுபடி. தள்ளுபடியாகும் என்று தெரிந்தே போட்டார்கள். ஒவ்வொரு மனுவிலும் பெயர், பிடித்த தேதி, இடம், பார்த்தவர்கள். 1978-இல் லோன்கென் சுண்ணாம்புக் காளவாயில் 15 பேரின் எலும்புகள் கிடைத்தன. 1973 அக்டோபரில் பிடித்துப்போன ஆட்கள் அவர்கள். 1990-இல் அமைந்த உண்மைக் குழு இந்தக் கோப்புகளிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்க முடிந்தது.

12 ஜூன்

“சரி, இன்று நம் ஊரில் ஒருவரைத் தூக்கிப் போனால் மனுவில் என்ன எழுத வேண்டும்?” நல்ல கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன்.

பிடிபட்டவரின் முழுப்பெயர், வயது, அடையாளம், சமீபத்திய போட்டோ, அப்போது உடுத்தியிருந்த உடை. கடைசியாகப் பார்த்த நேரம், மணியோடு. இடம், தெருவோடு. வந்தவர்கள் யூனிபார்மா மஃப்டியா, எத்தனை பேர், வண்டி என்ன, நம்பர் தெரியுமா. ஒருவரையொருவர் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொன்னார்களா. பார்த்த ஆட்களின் பெயர், அவர்கள் கையெழுத்து. இவை எல்லாம் மனுதாரர் செய்யும் சத்தியப் பிரமாணத்தில் வர வேண்டும். ‘போலீஸார் சட்டவிரோதமாகக் கொண்டு சென்றனர்’ என்று பொதுவாக எழுதிய பிரமாணம் நிற்காது.

அடுத்து, மனு போடுவதற்கு முன்பே வெளியே போன தடயங்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். காப்பி (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். தர மறுத்தால் அதே புகாரை எஸ்.பி. அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நகல். 100-க்குப் போன் செய்திருந்தால் அந்த நேரம் உங்கள் போனில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இந்த நேரக்குறிப்புகள் எல்லாம் எதற்கு என்பது அடுத்த குறிப்பில்.

எதிர்மனுதாரர்கள்: உள்துறைச் செயலர், மாவட்டக் காவல் தலைவர் அல்லது ஆணையர், குறிப்பிட்ட நிலைய ஆய்வாளர். உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கு 32. மனு போட ரத்த உறவு கட்டாயமில்லை. நண்பர் போடலாம், தெரிந்தவர் போடலாம்.

13 ஜூன்

எங்கே சொதப்பும்?

மிகச் சாதாரணமாக நடப்பது இது. மனுவுக்கு நீதிமன்றத்தில் எண் போடுவதற்குள், அல்லது அரசு வக்கீலுக்கு நகல் போன அன்றைக்கே, போலீஸ் ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு) வாங்கிவிடும். கைது நேரம் என்று ‘இன்று காலை 6 மணி’ போட்டிருப்பார்கள். மூன்று நாளாக வைத்திருந்தது ஆவியாகிவிடும். ரிமாண்ட் ஆன பிறகு ஹேபியஸ் கார்பஸ் பொதுவாக நிற்காது, ஜாமீனுக்குப் போ என்பார்கள். 2023 ஆகஸ்டில் செந்தில் பாலாஜி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ரிமாண்டே அதிகார வரம்பில்லாதது, முற்றிலும் இயந்திரத்தனமானது என்று காட்ட முடிந்தால் மட்டும் விலக்கு.

அதனால்தான் முந்தைய நாளே போன மின்னஞ்சல் முக்கியம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22(2). பயண நேரம் மட்டும் கழியும். கைது காலை 6 மணி என்கிறார்கள், உங்கள் மின்னஞ்சல் அதற்கு முந்தைய நாள் மாலை 4 மணிக்குப் போயிருக்கிறது என்றால், மாஜிஸ்திரேட்டிடம் அதைக் காட்டி ரிமாண்டையே எதிர்க்கலாம். ரிமாண்டின்போது வக்கீல் இருந்து, உடம்பில் காயம் இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும் பதிலும் எழுத்தில் ஏற வைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பிறகு மீட்பது கஷ்டம்.

இரண்டாவது சொதப்பல்: காணாமல் போனவர் வழக்கை ஹேபியஸ் கார்பஸாகப் போடுவது. யார் காவலில் இருக்கிறார் என்று சொல்லத் தெரியாவிட்டால் நீதிமன்றம் சாதாரண விசாரணைக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது, சி.சி.டி.வி. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா, 18 மாதம் பதிவு பாதுகாப்பு, முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம் என்று உத்தரவிட்டார்கள். நடைமுறையில் அழிந்துபோகும். அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்தபோது விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது: ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் தலைமைக் காவலர் நடுவரிடம் உண்மையைச் சொன்னதால்தான் வழக்கு நிலைத்தது. ஆகவே முதல் நாளே, இன்ன தேதி இன்ன நேரப் பதிவைப் பாதுகாக்கவும் என்று எழுத்தில் கேட்டு, மனுவிலும் இடைக்கால உத்தரவாகக் கேளுங்கள்.

14 ஜூன்

டி.கே. பாசு வழக்கைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார். உண்மைதான். மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் மரணச் செய்திகளை வெட்டி இணைத்து 1986 ஆகஸ்ட் 26-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம். பத்து வருஷம் கழித்து 1996 டிசம்பர் 18-இல் 11 கட்டளைகள் வந்தன. எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை, வழக்கில் உண்மையாகக் கைகொடுப்பவை மூன்று.

கைதுக் குறிப்பு: குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் நேரத்தோடு கையெழுத்திட வேண்டும். சாட்சி என்று போலீஸுக்கு வேண்டியவர் பெயர் இருந்தால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் தொட வேண்டும். காயக் குறிப்பு: கேட்டால், கைதின்போதே உடம்பிலுள்ள சிறு காயம் பெரிய காயம் எல்லாம் எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். அதில் காயமில்லை என்றிருந்து பிறகு காயம் வந்தால், எங்கே வந்தது என்று சொல்ல வேண்டியது போலீஸ். மூன்றாவது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.

இவற்றில் பல இப்போது சட்டமாகவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 36 கைதுக் குறிப்பு, 37 கட்டுப்பாட்டு அறை, 38 வக்கீலைப் பார்ப்பது, 47 கைதுக் காரணம், 48 உறவினருக்குத் தகவல், 53 மருத்துவப் பரிசோதனை. 53-இன் கீழ் அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்கப்பட வேண்டும்; கேட்பவர்கள் குறைவு. காவலில் மரணமோ காணாமல் போவதோ நடந்தால் 196-இன் கீழ் மாஜிஸ்திரேட் விசாரணை. காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993-இலிருந்து இருக்கும் அறிவுறுத்தல்.

17 ஜூன்

குண்டாஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது வேறு ரகம். அங்கே ஆள் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும்; காவல் உத்தரவு சரியா என்பதுதான் கேள்வி. சென்னை, மதுரை இரண்டு அமர்வுகளிலும் எச்.சி.பி. (ஹேபியஸ் கார்பஸ் மனு) என்றால் பெரும்பாலும் இதுதான். மூதாதை வழக்கும் இங்கிருந்தே போனது: 1950-இன் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். எம்.கே. நம்பியார் வாதாடித் தோற்றார். ஆனால் காவலின் காரணத்தை நீதிமன்றத்திடமே சொல்லக் கூடாது என்றிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அடிபட்டது. அது இல்லாவிட்டால் இன்றைய குண்டாஸ் மனு எதையும் வாதாடவே முடியாது.

குண்டாஸ் எனப்படும் 1982-இன் 14-ஆம் சட்டத்தில் நாள் கணக்கு இப்படி: காரணங்கள் 5 நாளுக்குள் கைதானவர் கையில், அரசின் ஒப்புதல் 12 நாளுக்குள், அறிவுரைக் கழகத்துக்கு 3 வாரத்துக்குள், கழகத்தின் கருத்து 7 வாரத்துக்குள், உச்சபட்சக் காவல் 12 மாதம்.

வழக்கு ஜெயிப்பது மூன்று புள்ளியில். ஒன்று, குடும்பம் அனுப்பிய முறையீட்டை அரசு பரிசீலிக்க எடுத்த தாமதம். முறையீடு வந்த தேதி, கருத்து கேட்ட தேதி, வந்த தேதி, கோப்பு நகர்ந்த தேதி என்று வரிசையாகப் போட்டு, விடுமுறை நாள் கழித்து, விளக்கமில்லாத நாள்களை நீதிமன்றம் எண்ணும். ஆகவே உத்தரவு வந்த வாரமே உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலருக்கு ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். முறையீடே அனுப்பாமல் நேராக எச்.சி.பி. போட்டால் இந்தப் புள்ளி கையில் இல்லை. இரண்டு, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தைத் தமிழாக்கம் இல்லாமல் கொடுப்பது. பவுனம்மாள் (Powanammal) வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே காவலை ரத்து செய்தது. காவல் உத்தரவோடு தரும் ஆவணப் புத்தகத்தை வாங்கியதும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தையும் தமிழையும் ஒப்பிடுங்கள், தேதி மாறியிருக்கும், மங்கலான நகல் இருக்கும். மூன்று, ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது ‘ஜாமீனில் வந்துவிடக்கூடும்’ என்று எழுதுவது. ரேகா வழக்கு, 2011.

இதில் ஒரு வருத்தம் உண்டு. 12 மாதக் காவலில் பல மனுக்கள் நாலைந்து மாதம் கழித்தே விசாரணைக்கு வருகின்றன. ஜெயித்தாலும் அந்த மாதங்கள் போனவைதான். சீக்கிரம் விசாரிக்கக் கோரி மனு போடுவதில் கூச்சம் வேண்டாம்.

19 ஜூன்

இலங்கை நிலைமையைக் கேட்டவருக்கு: அங்கே அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவில் மேன்முறையீட்டு நீதிமன்றம், 154P-இல் மாகாண மேல் நீதிமன்றங்கள். சிக்கல், மேன்முறையீட்டு நீதிமன்றம் மனுவைக் கீழ்நீதிமன்றத்துக்கு விசாரித்து அறிக்கை தர அனுப்பிவிட முடியும். அங்கே சாட்சியம், தவணை, நீதவான் மாற்றம், ராணுவச் சாட்சி வராமை. வருஷங்கள் ஓடும். காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்றுறுதி செய்து 2018-இல் சட்டமும் போட்டது. இந்தியா 2007-இல் கையெழுத்திட்டதோடு சரி. காணாமல் ஆக்குதல் என்ற தனிக் குற்றமே நம் சட்டத்தில் இல்லை. கால்ரா வழக்கில்கூடக் கடத்தல், கொலை என்றுதான் போட வேண்டியிருந்தது.

19 ஜூன், இரவு

“இத்தனை பேர் சொன்னீர்கள், தெலுங்கு தேசத்துக் கண்ணபிரானை விட்டுவிட்டீர்களே.” விடக்கூடாதவர்தான். கே.ஜி. கண்ணபிரான், மதுரையில் பிறந்து ஹைதராபாத்தில் வாழ்ந்த வக்கீல். ஆந்திர சிவில் உரிமைக் குழுவின் தலைவராகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தார். அங்கே ‘என்கவுன்டர்’ என்று காட்டப்பட்ட ஒவ்வொரு சாவுக்கும் கொலை வழக்குப் பதிய வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டவர். அவரோடு வேலை செய்த பாலகோபால் வாரங்கலில் கணிதப் பேராசிரியர்; சம்பவம் நடந்த ஊருக்கே போய் ஆட்களைக் கேட்டு எழுதுவார். ஆயுதம் ஏந்தியவர்கள் செய்த கொலைகளையும் அதே கண்டிப்போடு எழுதினார். அதனாலேயே பழைய அமைப்பைவிட்டு 1998-இல் மனித உரிமை மன்றம் தொடங்கினார். அவருடைய அறிக்கைகளை மறுதரப்பும் மறுக்கத் தயங்கியதற்கு அதுவே காரணம்.

21 ஜூன்

செலவு பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், பொதுவில் போடுகிறேன். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். அதாவது மகனுக்காக அம்மா போட்டாலும், கணவனுக்காக மனைவி போட்டாலும் அவர்கள் பேரிலேயே கேட்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு அங்குள்ள சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம். அவசரத்துக்கு 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண். விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அன்றைக்கே போகட்டும், வக்கீல் வரும்போது அவர் கையில் கொடுக்க நகல்கள் இருக்கும்.